வேதவல்லி மாமி வீட்டு லாக்

மன்னார்புரத்தில் எங்கள் சர்வீஸ் சென்டரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. வெளிவேலைக்குப் போகிற ஏழு பேரின் பெயரும் அதில் இருக்கும். சரிசெய்துவிட்டு வந்த மிஷின் முப்பது நாளுக்குள் அதே கோளாறோடு திரும்பக் கூப்பிட்டால், பெயருக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி வாங்கியவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு போன் எடுக்க உட்கார வேண்டியதுதான். அன்று காலை சுரேஷ்குமார் சார் என் பெயருக்கு நேராக இரண்டாவது புள்ளியை வைத்தார். இரண்டு புள்ளியும் ஒரே வீட்டால் வந்தவை. ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதி, வேதவல்லி மாமி வீடு. கோளாறும் ஒன்றுதான், வாஷிங் மிஷினின் கதவு லாக்.

போன் எடுக்க உட்காருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். துறையூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எலக்ட்ரீஷியன் சான்றிதழோடு வந்த என்னை இரண்டு வருஷம் அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். "வணக்கம், உங்க மிஷின்ல என்ன பிரச்சனை" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். மிஷினைத் தொடத் தெரிந்தவளை மிஷினைப் பற்றிப் பேச மட்டும் வைப்பது போல் ஒரு தண்டனை கிடையாது. சண்டை போட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் வேலையை விட்டுவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு டூல் பை கொடுத்தார்கள். அதற்கு எட்டு மாதம்தான் ஆகிறது.

"பொம்பளப் புள்ள கைக்கு லாக் வேலை ஒத்து வரலை போல" என்றான் சரத்குமார். அவன் பெயருக்கு நேராக ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதை அவனும் மறக்கவில்லை, எங்களையும் மறக்க விடுவதில்லை.

சுரேஷ்குமார் சார் சிரிக்கவில்லை. "ஜோதி, புது லாக் எடுத்துட்டுப் போ. இதுதான் கடைசி. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா நீ போன்ல உக்காரு, ஸ்ரீரங்கத்தை சரத் பாத்துக்கட்டும்."

"திரும்பி வராது சார்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. முதல் தடவை லாக்கை மாற்றிவிட்டு வந்தேன், இருபது நாளில் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை லாக்கை மாற்றியதோடு நிற்காமல், கதவு தொங்குகிறதா என்று பார்த்தேன், ரப்பரில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன், ஒரு மணி நேரம் ஓடவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மிஷின் சமர்த்தாக ஓடியது. பதினெட்டாவது நாள் மறுபடியும் கூப்பிட்டார்கள். என் முன்னால் ஒழுங்காக இருந்துவிட்டு, முதுகைத் திருப்பியதும் வாலாட்டுகிற பிள்ளைகள் ஊரில் உண்டு. மிஷினுக்கு அந்தக் குணம் கிடையாது. அதனால் கோளாறு மிஷினில் இல்லை என்பது எனக்கு உறுதி. எதில் என்பதுதான் தெரியவில்லை.

ஸ்கூட்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே, இன்று காரணம் தெரியாமல் அந்த வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வேதவல்லி மாமிக்கு அறுபது வயது இருக்கும். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, பலம் சேரவில்லை. துணி பிழிய முடியாமல் போனதால்தான் மருமகள் வைஷ்ணவி இந்த மிஷினை வாங்கினாள். வைஷ்ணவிக்கு கம்ப்யூட்டர் வேலை. மாடி அறையில் காதில் ஹெட்போனோடு இருப்பாள்.

"வாடி பொண்ணே. மறுபடியும் வாயைத் தெறக்க மாட்டேங்கறது" என்றார் மாமி. மிஷின் பின்கட்டில், கிணற்றடிக்குப் போகிற வழியில் இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஒன்பது கஜப் புடவை ஈரத்தோடு சுருண்டு கிடந்தது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். நைலான் கயிற்றைக் கதவின் இடுக்கில் நுழைத்து, லாக் இருக்கும் பக்கமாகக் கீழே இழுத்தேன். கொக்கி நகர்ந்து கதவு திறந்தது. மாமி புடவையை எடுத்துக்கொண்டார். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரைப் பிடித்திருந்த கம்பியைக் கழற்றி, ரப்பரை ஒரு பக்கம் மடித்தேன். இரண்டு ஸ்க்ரூவை எடுத்ததும் லாக் கையோடு வந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். கரண்ட் வந்ததும் அதற்குள் ஒரு சின்ன வில்லை சூடாகிக் கதவைப் பிடித்துக்கொள்ளும். துவைத்து முடித்ததும் சூடு தணிந்து, ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ கழித்து 'டிக்' என்று விட்டுவிடும். எவ்வளவு பெரிய மிஷினாக இருந்தாலும் இந்தத் தீப்பெட்டி சரி என்று சொன்னால்தான் ஓடும்.

கம்பி சேரும் இடம் முழுக்கப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. போன தடவையும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் போயிருக்கிறது. ஆனால் உள்ளிருந்து சோப்புத் தண்ணீர் கசிந்தால் வெள்ளையாகப் படியும், வழுவழுவென்று இருக்கும். இது சுத்தத் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தேன். லாக் உட்காரும் பள்ளத்தில், கறுத்துச் சுருங்கி, ஒரு சின்ன இலை ஒட்டியிருந்தது. விரலில் வைத்துக் கசக்கி மோந்து பார்த்தேன். துளசி.

"மாமி, மிஷின்ல தண்ணி ஏதாவது படுதா?" என்று கேட்டேன்.

"மிஷின்னா தண்ணி படாம இருக்குமா?" என்றார் மாமி.

வைஷ்ணவி மாடிப்படியில் நின்று, "வெளியில ஈரத்துணியால கூடத் துடைக்க மாட்டேன் ஜோதி. வேணும்னா இன்னொரு தடவை ரப்பரைப் பாருங்களேன்" என்றாள்.

நான் புது லாக்கைப் போட்டேன். மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் பிடித்தது, மூன்று தடவையும் விட்டது. வழக்கம் போல் சமர்த்து.

"காலைல எத்தனை மணிக்குத் துவைப்பீங்க மாமி?"

"அஞ்சரைக்கு, தீர்த்தமாடிட்டு வந்து மொதல் வேலை அதுதான். மறுநாளைக்கு யார் கையும் படாமக் கட்டிக்கற மடித்துணி."

"நாளைக்கு நான் வந்து பாக்குறேன்."

"அப்போ யாரும் கிட்ட வரப்படாது. வைஷ்ணவியே கீழ எறங்க மாட்டா."

"வாசப்படியைத் தாண்ட மாட்டேன். பாக்குறதுக்கு மட்டும்தான்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவளுக்கு வேறு பிழைப்பு இல்லையா என்று நினைத்திருப்பார். உண்மையில் இல்லை.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே அந்தப் பின்கட்டு வாசற்படியில் நின்றேன். மாமி ஈரப்புடவையோடு வந்தார். இடது கையில் ஒரு பித்தளைச் சொம்பு. துளசி மாடத்துப் பக்கமுள்ள தொட்டியில் அதை முக்கி எடுத்தார். நேராக மிஷினிடம் போனார். மிஷினின் தலையில் ஒரு சொம்பு ஊற்றினார். கதவின் மேல் ஒரு சொம்பு. பிறகு கதவைத் திறந்து, அந்த வாயைச் சுற்றி, ரப்பரில், விளிம்பில், லாக்கின் ஓட்டையில் என்று ஒரு இடம் விடாமல் இன்னொரு சொம்பு.

நேற்று நான் போட்ட லாக் என் கண்ணெதிரே குளித்தது.

"மாமி, நிறுத்துங்க."

மாமி திரும்பினார். "என்னடி?"

"எதுக்கு இதுமேல தண்ணி ஊத்துறீங்க?"

"மடியாக்க வேண்டாமா? நேத்து சாயங்காலம் வைஷ்ணவி ஜீன்ஸ் போட்டா. எல்லார் கையும் பட்டு மடி போய் விழுப்பாக் கெடக்கு. ஜலம் விட்டாத்தானே நான் தொட முடியும்."

"தினமுமா?"

"மிஷின் வந்த நாளா."

"நேத்து தண்ணி படுதான்னு கேட்டேனே மாமி."

"நானும் பதில் சொன்னேனே. தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடக்கற வஸ்துவுக்கு ஒரு சொம்பு ஜலம் ஆகாதுன்னு யாருக்குடி தெரியும்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மிஷினின் வயிற்றுக்குள்தான் தண்ணீர், லாக்குக்குள் ஓடுவது கரண்ட், இரண்டும் மாமனார் மருமகள் மாதிரி ஒதுங்கி இருக்க வேண்டியவை என்று விளக்கினேன். மாமிக்குப் புரிந்தது. புரிந்ததும் முகம் வாடிவிட்டது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"எல்லார் கையும்னா, என் கையுமா மாமி?"

மாமி பொய் சொல்லத் தெரியாதவர். "உன் கையும்தான். என் பிள்ளை கையும்தான். குளிக்கறதுக்கு முன்னாடி என் கையே விழுப்புதான்." கொஞ்சம் தயங்கினார். "நீ வந்துட்டுப் போற மறுநாள் மட்டும் ரெண்டு சொம்பு கூட விடுவேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

சுருக்கென்றது. என் கையால் பார்த்துப் பார்த்துப் போட்ட லாக். அந்தக் கை பட்டது என்பதற்காகவே அது கெட்டிருக்கிறது. அதற்குத் தண்டனையாகப் புள்ளியும் என் பெயரிலேயே விழுந்திருக்கிறது. வாசலுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த சுரேஷ்குமார் சாருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தூக்கம் கலைந்து உற்சாகமாகிவிட்டார். "அப்படிப் போடு. கஸ்டமரே தண்ணி ஊத்திக் கெடுத்துட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுது, போட்டோ ஒண்ணு எடு. வாரண்டி கட். உன் ரெண்டு புள்ளியையும் நானே அழிச்சிடறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பையிலிருந்து ரிப்போர்ட் படிவத்தை எடுத்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். உள்ளே கூடத்து வழியாகப் பின்கட்டு தெரிந்தது. மாமி மிஷினைத் தொடாமல், கல்லின் மேல் புடவையைப் போட்டு இடது கையால் கசக்கிக்கொண்டிருந்தார். பிழிய வலது கை வேண்டுமே. மணிக்கட்டைப் புடவைக்கு அடியில் கொடுத்துத் திருகப் பார்த்து, முகம் கோணி, விட்டுவிட்டார்.

இரக்கப்பட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதி வீம்பு. அந்த ரிப்போர்ட்டை எழுதினால் நான் தப்பித்துவிடுவேன், லாக் நிற்காது. திரும்பி வராது என்று நான் சொன்னது லாக்கைப் பற்றி. கெட்டதற்கு யார் காரணம் என்று எழுத போனில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே தெரியும். நான் ரிப்பேர் செய்கிறவள்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, திரும்பவும் பின்கட்டு வாசற்படிக்கு வந்தேன்.

"மாமி, ஒண்ணு கேக்குறேன், சாஸ்திரப்படி சொல்லுங்க. தண்ணி ஊத்தாமலே மடியா இருக்கிற பொருள் எதுவுமே கிடையாதா?"

மாமி கசக்குவதை நிறுத்தினார். "ஏன் கெடையாது? பட்டு. கம்பளி. பட்டுக்கு விழுப்பே இல்ல. அதுக்குத்தான் வெளியூர் போய்த் தங்கினா பட்டுப் புடவையைக் கொண்டு போறது."

"அப்ப கைப்பிடியில பட்டைக் கட்டிட்டா? பட்டன்லயும் பட்டால தொட்டு அமுக்கினா?"

மாமி யோசித்தார். பரீட்சைத்தாளைத் திருத்துகிற மாதிரி யோசித்தார். "வெளியில சரி. உள்ள? ஜீன்ஸ் கெடந்த எடமாச்சே."

"உள்ள மிஷினே அலசிக்கும். துணி போடுறதுக்கு முன்னாடி வெறுமனே ஒரு தடவை அலச விடுங்க. உங்க சொம்புல ஒரு லிட்டர் பிடிக்குமா? இது பதினஞ்சு லிட்டர் ஊத்தும். கண்ணாடி, ரப்பர் எல்லாம் நனையும். லாக்ல மட்டும் ஒரு பொட்டுப் படாது."

"தேங்கின ஜலமா, ஓடற ஜலமா?"

"குழாய்ல வந்து சாக்கடைல போற தண்ணி மாமி. ஓடுற ஜலம்தான்."

"அப்போ சரி" என்றார் மாமி. எனக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு பெரிய அனுமதி யாரும் கொடுத்ததில்லை.

மாமி புடவையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஒதுங்கியதும், லாக்கை மறுபடியும் கழற்றினேன். நல்ல வேளை, தண்ணீர் பட்டு அரை மணிதான் ஆகியிருந்தது. கழற்றியதை மாடிக்கு எடுத்துப் போய், வைஷ்ணவியின் தலை காயவைக்கும் மிஷினால் காற்றடித்து, மீட்டர் வைத்துப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டது. "மிஷின் வந்து ரெண்டு மாசமா தினமும் ஊத்தினாங்களா?" என்று வைஷ்ணவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கீழே இறங்காமல் இருப்பதுதான் அந்த வீட்டில் மரியாதை.

லாக்கைப் பூட்டி முடித்தபோது மாமி ஒரு பழைய பட்டு வேஷ்டியின் கரைத் துண்டைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தார். அரக்குக் கரை. நான் அவர் கட்டட்டும் என்று ஒதுங்கினேன்.

"எனக்கு முடிச்சுப் போட வராதுடி, கை நோவு. நீயே கட்டு. பட்டுக்கு யார் கை பட்டாலும் ஒண்ணும் இல்ல."

கட்டினேன். நழுவாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டேன். போட்டுவிட்டு, அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "புழு நூத்த நூலுக்கு இல்லாத விழுப்பு என் கைக்கு மட்டும் எப்படி மாமி வந்துச்சு?"

மாமி என்னைப் பார்த்தார். சொம்பை எடுத்துக்கொண்டு துளசி மாடத்துப் பக்கம் போய்விட்டார். நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் ரிப்போர்ட் எழுதாததால், அந்த மாதம் முழுக்க இரண்டு புள்ளியும் பலகையில் அப்படியே இருந்தன. சரத்குமார் தினமும் காலையில் பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னும் வரலையா?" என்று விசாரிப்பான், கல்யாணப் பத்திரிகையை எதிர்பார்க்கிறவன் மாதிரி. பதினெட்டாவது நாள் தாண்டியது. இருபது தாண்டியது. கூப்பிடாமல் இருப்பது லாக் நன்றாக இருப்பதாலா, அல்லது என் வாய்த்துடுக்குக்குக் கோபித்துக்கொண்டு மாமி மிஷினையே ஒதுக்கிவிட்டாரா என்று இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது. முப்பதாவது நாள் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று, விடிகாலை நாலு மணிக்கே எழுந்து குளித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்தரைக்குப் பின்கட்டு வாசற்படியில் நின்றேன். கைப்பிடியில் பட்டுத் துண்டு அப்படியே இருந்தது. என் முடிச்சுதான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் மாமி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் தைலம் தடவித் துணி சுற்றியிருந்தது.

"வாடி. பாக்க வந்தியா?"

"ஆமா மாமி. இன்னிக்கு முப்பதாம் நாள்."

"என்னைக் கேட்டா போன்லயே சொல்லியிருப்பேனே."

"கேட்டா மனசு ஆறாது. அது கதவை விடுற சத்தத்தை நானே கேக்கணும்."

மாமி தலையை ஆட்டினார். முக்கால் மணி நேரம் இருவரும் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கடைசியாகச் சுற்றிச் சுற்றிப் பிழிந்தது. பிறகு நின்றது. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு நிமிஷமும் ஆயிற்று.

'டிக்.'

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக யாராவது அழுவார்களா என்றால், நான் அழுதேன்.

மாமி எழுந்து கைப்பிடியைப் பட்டோடு பிடித்துக் கதவைத் திறந்தார். இடது கையை உள்ளே விட்டுப் புடவையை இழுத்தார். ஒன்பது கஜமும் முறுக்கிக்கொண்டு வர மறுத்தது. வலது கையைக் கொடுத்தார், வலியில் பின்வாங்கினார். சத்தம் கேட்டு வைஷ்ணவி படியில் பாதி இறங்கி நின்றாள்.

"நான் எடுக்கட்டுமா அம்மா?"

"நீ இன்னும் குளிக்கலை" என்றார் மாமி. என் பக்கம் திரும்பினார். "நீ குளிச்சுட்டியோ?"

"நாலு மணிக்கே குளிச்சுட்டேன் மாமி."

"அப்போ நீ வந்து எடு."

நான் நகரவில்லை. சரியாகத்தான் கேட்டேனா என்று இருந்தது. "மாமி, இது நாளைக்கு நீங்க கட்டிக்கிற மடிப்புடவை."

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ ஒண்ணு கேட்டுட்டுப் போனே. ஒரு மாசமா யோசிச்சுப் பாத்துட்டேன். என்கிட்ட பதில் இல்ல." மிஷினிலிருந்து ஒதுங்கி எனக்கு வழி விட்டார். "நின்னுண்டே இருக்காதே. ஈரம் ஊறறது, எடு."

வாசற்படியைத் தாண்டி உள்ளே போனேன். முறுக்கைப் பிரித்து வெளியே எடுத்தேன். ஈரத்தோடு ஒன்பது கஜம் நல்ல கனம். மாமி சொல்லச் சொல்ல, மடிக்கோலால் தூக்கி உயரக் கொடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் நீவி விட்டேன். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி, அந்த ஓரம் தொங்குகிறது, இன்னும் கொஞ்சம் தள்ளு என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தார்.

ஆறரை மணிக்கு வாசலுக்கு வந்து சுரேஷ்குமார் சாருக்கு போன் போட்டேன், முப்பது நாள் ஆகிவிட்டது, லாக் திரும்பி வரவில்லை என்று சொல்ல. கை ஈரமாக இருந்ததால் நம்பரை இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது.